கை அசையுமுன் கலையும் அலை

மேசைமேல் ஓர் எவர்சில்வர் டம்ளர், பாதியளவு தண்ணீருடன். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிசியோதெரபி செய்யும் பெண், கன்னட வாடை வீசும் தமிழில் பொறுமையாகச் சொன்னார்: "அவசரமே வேண்டாம்ப்பா. எடுக்கணும்னு முதல்ல நினைங்க. அப்புறம் எடுங்க." மாமாவின் நெற்றியில் வேர்வை அரும்பியது. வலது தோள் மெல்ல மேலே ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. கை மட்டும் மடியில் போட்டது போட்டபடி கிடந்தது.

"தூக்கிட்டுத்தான்மா இருக்கேன்" என்றார்.

அறையில் இருந்த யாருக்கும் அது உண்மையாகப் படவில்லை. எனக்கும்தான். ஆனால் அவர் தலைக்குள் நடப்பதை அந்த நேரத்தில் பார்க்க முடிந்திருந்தால், அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று தெரிந்திருக்கும். கை தூக்குவது என்பது கையில் தொடங்கும் வேலை இல்லை. கை அசைவதற்கு ஒரு விநாடிக்கும் மேல் முன்பே மூளையின் மேற்பரப்பில் ஓர் அலை கலையத் தொடங்கிவிடுகிறது. பக்கவாதம் வந்தவருக்கு அந்த அலை கலைகிறதா, எந்தப் பக்கம் கலைகிறது, எந்த நொடியில் கலைகிறது என்பதைக் கொண்டு அந்தக் கையின் எதிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சமாவது பேச முடியும்.

மாமா கோலார் தங்கவயல்காரர். சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பிறகு, அந்த ஊர்த் தமிழர்கள் ஆயிரக்கணக்கானோரைப் போல அவரும் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும் வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. "வாதம் அடிச்சிருச்சு" என்றார்கள் தெருவில். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா "லக்வ ஹொடெதிதே" என்றார். அங்கேயும் அடிதான். இரண்டு மொழிகளும் இந்த நோயை யாரோ அடித்ததாகவே பார்க்கின்றன. ஒருவர் எண்ணெய் கொண்டுவந்தார். இன்னொருவர் புறா ரத்தம் தடவினால் சூடு ஏறிக் கை கால் திரும்பும் என்றார். எல்லாம் முடிந்து பெங்களூர் மருத்துவமனை ஒன்றுக்கு வந்து சேரும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. அந்தப் பகல் பொழுதில் அவர் மூளையில் நடந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

*

பெங்களூரில் ஓசூர் சாலையில் போனால் நிம்ஹான்ஸ் வரும். மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும், 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-இல் ஒன்றாகி உருவான நிறுவனம் அது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்து ஏறி வருபவர்களால் அதன் புறநோயாளிப் பிரிவில் எப்போதும் தமிழ் கேட்கும். அங்கே ஒரு மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. நோய்க்குறியியல் பேராசிரியர் எஸ்.கே. சங்கர் பல ஆண்டுகள் சேகரித்துப் பாதுகாத்த மூளைகள் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக இருக்கின்றன. ஓர் உண்மையான மனித மூளையைக் கையில் ஏந்திப் பார்க்கப் பொதுமக்களையும் அனுமதிக்கிறார்கள். ஒன்றே கால், ஒன்றரைக் கிலோ இருக்கும். பதப்படுத்தியதால் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. உயிரோடு இருக்கும்போது வெண்ணெய் மாதிரி இருக்குமாம்.

பக்கவாதத்தால் இறந்தவர்களின் மூளைகளும் அங்கே உண்டு. ரத்தம் போகாத இடம் குழிவிழுந்து, நிறம் மாறி, பார்த்தவுடன் கண்ணில் படும். சேதம் எங்கே என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் ஒருவருக்கு, குழியைச் சுற்றி மிஞ்சியிருந்த நல்ல பகுதி உயிரோடிருந்தபோது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருநாளும் தெரியாது. அதற்கு உயிருள்ள தலை வேண்டும், அதன்மேல் ஒட்டிய மின்முனைகள் வேண்டும்.

மூளையின் மின் அலையைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். முந்தின நாளே ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள். தலையில் ஒரு சொட்டு எண்ணெய் கூடாது. எண்ணெய்த் தலையோடு வந்து திரும்பிப் போகிறவர்கள் நம் ஊர்களில் நிறைய. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. மண்டையோட்டைத் தாண்டி வெளியே வரும் மின் அலையின் அளவு பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட் வரைதான். டி.வி. ரிமோட்டில் போடும் பேட்டரி ஒன்றரை வோல்ட். அதை முப்பதாயிரம் பங்காக்கி ஒரு பங்கை எடுத்தால் 50 மைக்ரோவோல்ட் வரும். சுவரில் ஓடும் மின்கம்பிகூட விநாடிக்கு 50 முறை அதிர்ந்து இந்தப் பதிவுக்குள் மூக்கை நுழைக்கும். அப்படியிருக்க, தலையில் எண்ணெய்ப் படலமும் சேர்ந்தால் எதை அளப்பது?

விலங்குகளின் மூளையில் இந்த மின்சாரத்தை 1875-இல் லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் கண்டார். மனிதத் தலையில் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924-இல் பதிவு செய்தவர், ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகுதான் 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது விநாடிக்குப் பத்து முறை போல எழுந்து விழும் அலைக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். அதைவிட வேகமானது பீட்டா. பிறகு மற்றவையும் சேர்ந்துகொண்டன. விநாடிக்கு நான்குக்குக் கீழே டெல்டா, நான்கிலிருந்து எட்டு வரை தீட்டா, எட்டிலிருந்து பதின்மூன்று வரை ஆல்ஃபா, அதற்குமேல் முப்பது வரை பீட்டா, அதையும் தாண்டினால் காமா.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் மேலே போனால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அலை பெரிதாக இருந்தால் மூளை கடுமையாக வேலை செய்கிறது என்று யாருக்கும் தோன்றும். பல நேரங்களில் உண்மை இதற்கு நேர்மாறு. எங்கள் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது தெருமுனைவரை கேட்கும். "ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு" என்று நாற்பது வாயும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கும். வாத்தியார் "சரி, பலகையில கணக்குப் போடுங்க" என்றதும் சத்தம் அடங்கிவிடும். தெருவில் நிற்பவருக்கு வகுப்பு தூங்கிவிட்டது போலிருக்கும். உள்ளே அப்போதுதான் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. மின்முனை தெருவில் நிற்கும் ஆள். லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால்தான் அதன் காதில் ஏதாவது விழும். தாளம் உடைந்து ஒவ்வொன்றும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டால் அலை சிறுத்துவிடும்.

*

உச்சந்தலையிலிருந்து இரண்டு பக்கமும் காதை நோக்கிக் கொஞ்சம் இறங்கினால், கையை ஆளும் பகுதிகள் அடியில் இருக்கும். இ.இ.ஜி. வரைபடத்தில் இடப்பக்கத்துக்கு சி-3 என்றும் வலப்பக்கத்துக்கு சி-4 என்றும் பெயர். நரம்புப் பாதை மூளையின் அடித்தண்டில் குறுக்காகக் கடப்பதால் சி-3 வலது கைக்கு, சி-4 இடது கைக்கு. உடம்பை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் இந்த இடத்தில் ஆல்ஃபா வேகத்திலேயே ஓர் அலை ஓடும். ஆல்ஃபாவைப் போல இது கண்ணைத் திறந்தால் அடங்காது. கையை மூடித் திறந்தால்தான் அடங்கும். பிரான்ஸின் மார்செய் நகரத்து ஆன்ரி காஸ்டோ 1950-களின் தொடக்கத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார். அலையின் முனைகள் வளைவு வளைவாக இருந்ததால் வளைவு அலை என்றார். இன்று மியூ அலை என்கிறார்கள். இதே காஸ்டோ, கல்கத்தாவைச் சேர்ந்த என்.என். தாஸுடன் சேர்ந்து நம் நாட்டு யோகிகளின் மூளை அலைகளையும் பதிவு செய்து 1955-இல் வெளியிட்டார். மூளை அலையின் வரலாற்றில் இந்தியத் தலைகள் அத்தனை சீக்கிரமே வந்துவிட்டன என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

பீட்டாவுக்கும் இதே குணம் உண்டு. மான்ட்ரியாலில் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் வைல்டர் பென்ஃபீல்டும், அறுவை சிகிச்சைக்காகத் திறந்த மூளையின் மேலேயே மின்முனை வைத்து, கை அசைவின்போது அங்கே பீட்டா அடங்குவதை 1949-இல் காட்டினார்கள். இதையெல்லாம் எண்களாக அளக்கும் வழியை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து கெர்ட் ஃபுர்ட்ஷெல்லர் 1977 முதல் உருவாக்கினார். அதில் தெரியவந்த நேரக்கணக்குதான் என்னைக் கட்டிப்போட்டது. ஒருவர் தானாக நினைத்துக்கொண்டு வலது விரலை அசைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசைவுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடிகள் முன்பே இடப்பக்க மூளையில் மியூவும் பீட்டாவும் சரியத் தொடங்குகின்றன. அசையும் நேரத்தில் இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். அசைவு முடிந்ததும், ஒரு விநாடிக்குள், பீட்டா மட்டும் திரும்பி வரும். வெறுமனே திரும்பி வராது, முன்பிருந்ததைவிட உயரமாக எழுந்துவிட்டுத்தான் அடங்கும். கணக்கு முடிந்ததும் வகுப்பு மறுபடியும் சேர்ந்து குரலெடுப்பது மாதிரி. இப்போதிருக்கும் நிலையை அப்படியே பிடித்துவைப்பதுதான் பீட்டாவின் வேலை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை ஆழத்தில் பீட்டா அளவுக்குமீறி ஓடுவதும், அவர்கள் அசைவைத் தொடங்கவே திணறுவதும் இந்தக் கருத்துக்கு வலு சேர்க்கின்றன.

இதோடு இன்னொன்றும் உண்டு. ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரத்தில் கார்ன்ஹூபரும் டீக்கேயும் 1960-களின் நடுவில், விரல் அசைவுக்கு ஒரு விநாடிக்கும் மேல் முன்பே மூளையின் மின்னழுத்தம் மெல்லச் சரிந்து இறங்குவதைக் கண்டார்கள். தயார்நிலை அழுத்தம் என்று அதற்குப் பெயர். நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறதா என்று தத்துவக்காரர்கள் இதை வைத்து இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தைவிட, பாயுமுன் பதுங்குவது போல மூளை தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது என்பதே போதும்.

கையை அசைக்காமல், அசைப்பதாக மனதுக்குள் நினைத்தாலே மியூ கலைகிறது. நிஜ அசைவின்போது கலையும் அளவுக்கு இல்லாவிட்டாலும், அதே இடத்தில், அதே பக்கத்தில். "எடுக்கணும்னு முதல்ல நினைங்க" என்று அந்தப் பெண் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. மூளைக்கு நினைப்பும் அசைவின் ஒரு பகுதிதான்.

*

அசைவுக்கு முந்தைய அந்தச் சின்ன இடைவெளியை ஆராய்கிறவர்கள் பெங்களூரிலேயே இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் இன்றும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்தில், ஆதித்ய மூர்த்தியின் குழு கண்ணும் கையும் ஓரிடத்துக்குப் போவதற்குமுன் மூளை எப்படித் திட்டம் போடுகிறது, போட்ட திட்டத்தைக் கடைசி நொடியில் எப்படி நிறுத்துகிறது என்று பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறது. டம்ளரை எடுக்கக் கை போகுமுன் கண் போய்விடுகிறது. மாமாவின் கண் போனதை நான் பார்த்தேன். கண்ணுக்கும் கைக்கும் நடுவில் எங்கோ வழி அறுந்திருந்தது.

அதே மையத்தில் சுப்ரதிம் ரேயின் குழு காமா அலைகளை ஆராய்கிறது. பெங்களூரில் வசிக்கும் முதியவர்களைத் திரையில் கோடுகளைப் பார்க்கவைத்து இ.இ.ஜி. எடுத்தார்கள். வயது ஏற ஏறக் காமா வலுவிழக்கிறது என்றும், நினைவாற்றல் குறையத் தொடங்கியவர்களிடம் அதே வயதுள்ள மற்றவர்களைவிட இன்னும் மெலிந்திருக்கிறது என்றும் தெரியவந்தது. பக்கவாதத்தோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பக்கவாதம் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. அறுபது வயதுத் தலையில் ஓர் அலை மெலிந்திருந்தால், அது வயதின் வேலையா அடைப்பின் வேலையா என்று பிரித்துச் சொல்ல, நம் ஊர் அறுபது வயதுக்காரர்களின் இயல்பான அலை எப்படியிருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். ஐரோப்பியத் தலைகளின் அளவுகளை வைத்துக்கொண்டே நெடுங்காலம் ஓட்டிவிட்டோம்.

*

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

நல்ல மூளையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் ஓடும். அது 25, 30-க்கு இறங்கும்போது வேகமான அலைகள் முதலில் மறையும். இன்னும் இறங்கினால் தீட்டா எழும். 18-க்கும் கீழே போனால் டெல்டா மட்டும் மிஞ்சும். 10-க்குக் கீழே கோடு தட்டையாகிவிடும், அணுக்கள் சாகத் தொடங்கும். கழுத்து ரத்தக்குழாயில் அறுவை செய்யும்போது, மூளைக்குப் போதிய ரத்தம் போகிறதா என்று மருத்துவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் இ.இ.ஜி.யைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அணையில் தண்ணீர் குறையும்போது வரப்பு வரப்பாகப் பாய்ச்சல் நிற்பதைப் போல, அலைகள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன.

இதில் நடுவிலுள்ள நிலைதான் முக்கியம். ரத்தம் குறைந்து வேலையை நிறுத்திவிட்ட, ஆனால் இன்னும் சாகாத அணுக்கள். அவற்றுக்குச் சில மணி நேரமே கெடு. பெரிய குழாய் ஒன்று அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியலாளர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பொதுவாகப் பலன். மாமாவுக்கு அந்த நாலரை மணி நேரம் எண்ணெயிலும் புறா ரத்தத்திலும் போனது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அன்போடுதான் ஓடி வந்தார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் வலிக்கிறது. வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், அடுத்த நிமிடமே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு வண்டி ஏற்றுங்கள். இதில் வேறெந்த வரியை மறந்தாலும் பரவாயில்லை.

அடைப்பு நிலைத்துப்போன பிறகு, இறந்த பகுதி மௌனமாகிவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து டெல்டா எழும். மூளையில் வளரும் கட்டி இருக்கும் இடத்தை இந்த மெதுவான அலையை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று பிரிட்டனில் கிரே வால்டர் 1936-இலேயே காட்டினார். அணுக்கள் உயிரோடிருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வரவேண்டிய செய்திகள் வருவதில்லை. வேலையற்றுப்போனவை ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பதைப் போல மெதுவாக ஏறி இறங்குகின்றன. ஆள் விழித்திருக்கிறார், பேசுகிறார், காப்பி கேட்கிறார். மூளையில் ஒரு துண்டு மட்டும் தூங்குகிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் காந்தத் துடிப்பால் அந்தப் பகுதியைத் தட்டிப்பார்த்து, அது பதில் சொல்லும் விதமும் தூங்கும் மூளையின் விதம்தான் என்று 2020-இல் உறுதிசெய்தார்கள்.

கையின் அலை என்னவாகிறது? பாதிக்கப்பட்ட பக்கத்தில் மியூவும் பீட்டாவும் சரியாகக் கலைவதில்லை. கணக்குப் போடச் சொன்ன பிறகும் வகுப்பு வாய்ப்பாட்டையே இழுத்துக்கொண்டிருக்கிறது. அல்லது சொல்ல ஆளே இல்லாமல் அலையே தேய்ந்துவிடுகிறது. அசைவுக்குப் பின் வரவேண்டிய பீட்டா எழுச்சியும் குன்றுகிறது. பழுதான கையை அசைக்க முயலும்போது மறுபக்க மூளை, அதாவது நல்ல பக்கம், வழக்கத்தைவிட அதிகமாகக் கலைகிறது. அண்ணன் படுத்துவிட்ட வீட்டில் தம்பி ஏர் பிடிப்பது மாதிரி. இந்த உதவி நல்லதா கெட்டதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சேதம் பெரிதாக இருந்தால் தம்பியின் உதவி இல்லாமல் முடியாது. சேதம் சிறிதாக இருந்தால் தம்பியின் தலையீடே அண்ணன் எழுந்திருக்கத் தடையாகலாம். பொதுவாக நன்றாகத் தேறியவர்களிடம், நாளாக ஆக வேலை பழைய பக்கத்துக்கே திரும்புகிறது.

*

மெதுவான அலை என்றாலே சேதத்தின் அடையாளம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து நரம்பியலாளர் கருணேஷ் கங்குலியின் குழு 2019-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்தது. சிறிய சந்து வழியாகக் கைநீட்டி உணவுத் துணுக்கை எடுக்க எலிகளைப் பழக்கினார்கள். எலி கை நீட்டும் அந்த நேரத்தில், அதன் அசைவுப் பகுதியில் விநாடிக்கு நான்குக்கும் குறைவான மெதுவான அலை ஒன்று, அசைவோடு கோத்துவிட்டது போல எழுந்து அடங்கியது. பக்கவாதத்தை உண்டாக்கிய பிறகு அந்த அலை தேய்ந்தது. கை தேறத் தேற அலையும் திரும்பியது. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைமேல் மின்முனை வைத்த மனிதர்களிடமும் கை நீட்டும்போது அதே அலை தெரிந்தது. பக்கவாதத்தால் கைத்திறன் குறைந்திருந்தவரிடம் அது மெலிந்திருந்தது. எலிகளின் மூளைக்கு வெளியிலிருந்து மென்மையாக நேர்மின்சாரம் செலுத்தியபோது அலை வலுத்தது, கையும் மேம்பட்டது. அதே ஆண்டில் ஹாம்பர்க் நகரத்துக் குழுவும் பக்கவாத நோயாளிகளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, மெதுவான அலை கையின் மீட்சியோடு சேர்ந்து நடப்பதை இ.இ.ஜி.யில் கண்டது.

ஆக, ஒரே வேகத்தில் இரண்டு அலைகள். ஒன்று காரணமில்லாமல் நாள் முழுக்க ஓடுகிறது. அது தூங்கிப்போன பகுதி. மற்றொன்று கை புறப்படும் நொடியில் எழுந்து, வேலை முடிந்ததும் அடங்குகிறது. அது விழித்துக்கொண்ட பகுதி. வேகத்தை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. எந்த நொடியில் என்று கேட்டால்தான் பிரியும். மியூவிலும் அதையேதான் பார்த்தோம்: எப்போது கலைகிறது என்பதே கேள்வி. மேளத்தில் அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்பதைவிட, தாளத்தில் எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்கிற காது இதற்கு வேண்டும்.

இரவிலும் வேலை நடக்கிறது. பகலில் பழகிய அசைவை மூளை தூக்கத்தில்தான் உறுதிப்படுத்துகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு எலிகளின் தூக்கத்தில் முதலில் பழகியதை உறுதிப்படுத்த உதவாத டெல்டா மிகுந்திருந்ததையும், கை தேறும்போது அதற்கு உதவும் மெதுவான அலைகள் மேலோங்கியதையும் கங்குலியின் குழு 2022-இல் காட்டியது. மாமா இருந்த வார்டில் இரவு முழுக்க டியூப்லைட் எரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது எழுப்பினார்கள். யாருடைய செல்பேசியோ பாட்டுப் பாடியது. உடற்பயிற்சிக்குக் காட்டும் அக்கறையில் பாதியை நோயாளியின் தூக்கத்துக்கும் காட்டினால் என்ன? விளக்கணைப்பதற்குச் செலவில்லை.

*

நினைப்பின்போது அலை கலையும் என்றால், அந்தக் கலைவைப் பிடித்துக் கையை ஆட்டிவிடலாமே? இதைச் செய்துபார்த்த முக்கியமான ஆய்வு 2013-இல் ஜெர்மனியின் டூபிங்கனிலிருந்து வந்தது. நீல்ஸ் பிர்பௌமரின் குழுவும் அண்டர் ராமோஸ்-முர்கியால்தேயும், கை அறவே விளங்காமல் நாள்பட்டுப்போன 32 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோர் கையிலும் ஓர் இயந்திரக் கவசம். எல்லோரும் கையை அசைக்க முயல வேண்டும். முதல் குழுவில், பழுதான பக்க மூளையில் அலை கலைந்த அதே நொடியில் கவசம் கையை நகர்த்தும். இரண்டாவது குழுவில் கவசம் தன்பாட்டுக்கு, நினைப்போடு தொடர்பில்லாமல் நகரும். இரு குழுவுக்கும் உடற்பயிற்சி ஒன்றுதான். முதல் குழுவுக்கு மட்டும் கையில் முன்னேற்றம் தெரிந்தது. கைத்திறனை அளக்கும் அளவுகோலில் சராசரியாக மூன்றரைப் புள்ளிக்கும் குறைவான முன்னேற்றம்தான். கை முழுக்கத் திரும்பிவிடவில்லை. ஆனாலும் இனி ஒன்றும் ஆகாது என்று கைவிடப்பட்டவர்களிடம் அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், நினைப்பும் அசைவும் ஒரே நொடியில் சந்தித்ததிலிருந்துதான்.

நம் நாட்டில் ஐ.ஐ.டி. கான்பூரில் இதே வழியில், நோயாளியின் நினைப்பை இ.இ.ஜி.யில் பிடித்து விரல்களை மூடித் திறக்கும் கைக்கவசத்தை, பிரிட்டனின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். மூளையின் கைப்பகுதிக்கு மேலே இரண்டு பக்கமும் சில மின்முனைகள், ஒரு மடிக்கணினி, விலை குறைந்த ஒரு கவசம். இது வட்ட மருத்துவமனைக்கும் எட்டாத பொருளாக இருக்கத் தேவையில்லை என்று நான் நம்புகிறேன். மாதம் இருமுறை நூறு கிலோமீட்டர் ரயிலில் வந்து, அரை மணி நேரப் பயிற்சி முடித்துத் திரும்பும் ஒருவருக்கு, தங்கவயலிலேயே அது கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப்பாருங்கள். பயிற்சி எவ்வளவு தரமானதோ அவ்வளவு முக்கியம் அது எத்தனை முறை நடக்கிறது என்பதும்.

கவசம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்ல 1954-க்குப் போக வேண்டும். காஸ்டோவும் அவருடன் பணியாற்றிய பெர்ட்டும் ஆட்களை உட்காரவைத்துத் திரைப்படம் காட்டிக்கொண்டே இ.இ.ஜி. எடுத்தார்கள். திரையில் குத்துச்சண்டைக்காரர்கள் வந்தபோது, அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களின் மியூ அலை கலைந்தது. பிறர் கை அசைவதைப் பார்த்தாலும் நம் மூளையின் கைப்பகுதி எழுந்துகொள்கிறது. பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சியில் இன்று இதைப் பயன்படுத்துகிறார்கள். நோயாளி முதலில் ஒருவர் ஒரு வேலையைச் செய்வதை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும், உடனே தானும் செய்ய முயல வேண்டும். பார்ப்பது மட்டும் போதாது, அடுத்து முயற்சி வர வேண்டும்.

பிசியோதெரபி செய்யும் பெண் இதைச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து, அத்தை காலைக் காப்பியை அடுப்படியில் ஆற்றுவதில்லை. கூடத்துக்கு எடுத்து வந்து, மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து ஆற்றுகிறார். டம்ளர் மேலே போகிறது, டவரா கீழே இறங்குகிறது, நடுவில் ஒரு முழம் காப்பி. மாமா அத்தையின் மணிக்கட்டையே பார்க்கிறார். நான்கு முறை ஆற்றியதும் டவரா அவர் மடிக்கு வருகிறது. போன மாதம் அது மடியில் சும்மா இருந்தது. இந்த மாதம் வலது கட்டைவிரல் அதன் விளிம்புக்கு உள்ளேயும் மற்ற நான்கும் வெளியேயுமாக ஒட்டியிருக்கின்றன. டவரா லேசாக நடுங்குகிறது. அத்தை டவராவை எடுத்துக்கொள்ளக் கை நீட்டுகிறார்.

"இரு" என்கிறார் மாமா. "தூக்கிட்டு இருக்கேன்."